பெரிய டயர் போட்ட வண்டியில் கிளட்ச் தகராறு: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிப்பதும் சரியான மாற்றுக் கிளட்ச் எடுப்பதும்

31 அங்குல டயரில் ஒழுங்காக ஓடிய ஆஃப்-ரோடு வண்டிக்கு 35 அங்குலம் மாட்டியதும் கிளட்ச் நாற ஆரம்பிக்கும். உடனே எல்லோரும் தேடுவது இன்னும் அழுத்தமான பிரஷர் பிளேட், அதாவது கிளட்ச் பிளேட்டை எஞ்சினோடு சுழலும் பிளைவீலின் மேல் அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தட்டு. பல வண்டிகளில் அது நோய்க்குப் பொருந்தாத மருந்து. டயர் எவ்வளவு பெரிதானாலும், கிளட்ச் முழுசாகப் பிடித்த பிறகு அதன் வழியாகப் போவது எஞ்சின் தரும் டார்க் (முறுக்கு விசை) மட்டுமே. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பெரிய டயர் கூட்டுவது வழுக்கும் நேரத்தை. வழுக்கல் கூடினால் சூடு கூடும். ஆகவே பிடிப்பு போதவில்லையா, சூடு தாங்கவில்லையா என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் பாகம் வாங்க வேண்டும்.

சூட்டின் கணக்கு எளிது. நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது, கிளட்ச் வழுக்கி முடியும் நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் இருக்கிறதோ அந்த வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து லைனிங்கில், அதாவது கிளட்ச் பிளேட்டின் உராயும் பரப்பில், சூடு இறங்குகிறது. அதே ஆர்.பி.எம்.மில் 35 அங்குல டயர், 31 அங்குலத்தைவிட 1.13 மடங்கு வேகமாக உருளும். 1.13-ஐ 1.13-ஆல் பெருக்கினால் 1.27. ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் 27 சதவீதம் கூடுதல் சூடு. 37 அங்குலம் போட்டால் அது 42 சதவீதம். டயரும் ரிம்மும் எடை கூடியதற்கான கணக்கு இதில் சேரவில்லை.

இன்னொரு கணக்கும் போட்டு வையுங்கள். முதல் கியர் விகிதம் 4.0, டிஃபரன்ஷியல் விகிதம் 4.10, ஐடிலிங் 750 ஆர்.பி.எம். என்றால், ஹை ரேஞ்சில் (சாதாரண ஓட்ட நிலையில்) கிளட்ச்சை முழுசாக விட்ட நிலையில் 31 அங்குல டயர் மணிக்கு 6.8 கி.மீ. போகும்; 35 அங்குலம் 7.7 கி.மீ. போகும். அந்த வேகத்துக்குக் கீழே நகர வேண்டுமென்றால் ஹாஃப் கிளட்ச்தான் ஒரே வழி. பாறை மேட்டில் 7.7 கி.மீ. வேகத்தில் யாரும் ஏறுவதில்லை. லோ ரேஞ்ச் (வேகத்தை 2.72 மடங்கு குறைக்கும் கூடுதல் கியர்) போட்டால் அதே 35 அங்குல டயர் 2.8 கி.மீ.க்கு இறங்கிவிடும், கிளட்ச் மிதியில் காலே வைக்க வேண்டாம். டிஃபரன்ஷியலில் கிரவுன்-பினியன் பற்சக்கர ஜோடியை 4.56 விகிதத்துக்கு மாற்றினால் ஹை ரேஞ்சிலும் 6.9 கி.மீ. ஆகி, பழைய நிலைக்கு ஏறத்தாழ வந்துவிடும்.

இந்த இரண்டு கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டு அறிகுறிக்கு வருவோம்.

எஞ்சின் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

சமதளத்தில், டாப் கியரில் 50–60 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். டர்போ டீசலில் உச்ச டார்க் வரும் 1,800–2,500 ஆர்.பி.எம். பகுதியில்தான் வழுக்கல் முதலில் தலைகாட்டும். டேக்கோ முள் தாவி, வேக முள் அப்படியே நின்றால் வழுக்கல் உறுதி. இரண்டு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். சோதனையே மிச்சம் இருக்கும் லைனிங்கைத் தின்றுவிடும்.

கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால் மிதியைப் பாருங்கள். மேலே சிறிது தூரம் தளர்வாக இறங்க வேண்டும்; பல வண்டிகளின் கையேடு 5 முதல் 15 மி.மீ. என்று சொல்லும். தளர்வே இல்லையென்றால் மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் தண்டு எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டே இருக்கிறது. மிதியில் யாரும் கால் வைக்காமல், கியர்பாக்ஸ் பக்கத்தில் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்து பாருங்கள். கிளட்ச் ஆயில் சொட்டினால் பரவாயில்லை. பீச்சினால் லைனில் அழுத்தம் தங்குகிறது: தண்டு அட்ஜஸ்ட்மென்ட் தவறு, மாஸ்டரின் திரும்பு துளை அடைப்பு, அல்லது உள்ளே உப்பிய ரப்பர் ஹோஸ். நிப்பிளைத் திறந்து மூடிய பிறகு வழுக்கல் கொஞ்ச நேரத்துக்கு நின்றுவிட்டால், புதுக் கிளட்ச் போட்டாலும் சீக்கிரமே அதுவும் எரியும்.

பாடி லிஃப்ட் போட்ட வண்டிகளில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். பாடி மேலே போகிறது, எஞ்சின் அதே இடத்தில் இருக்கிறது. கேபிளோ கம்பி லிங்க்கேஜோ உள்ள வண்டியில் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மாறி, கிளட்ச் எப்போதும் கால்பங்கு மிதித்த நிலையில் நின்றுவிடும். ஹைட்ராலிக்கில் ஹோஸ் இழுபட்டிருக்கும்.

லைனும் மிதியும் சரி என்றால் கோளாறு பெல் ஹவுசிங்குக்குள், அதாவது கிளட்ச்சை மூடிய கூட்டுக்குள், இருக்கிறது. அடியில் உள்ள மூடியைக் கழற்றி விரலால் தடவுங்கள். கறுப்பு எஞ்சின் ஆயில் என்றால் கிராங்கின் பின் சீல். காரமான கந்தக வாடை அடிக்கும் ஆயில் என்றால் கியர்பாக்ஸ் இன்புட் சீல். ஆயில் ஊறிய லைனிங்கை எந்தக் கிளீனரும் காப்பாற்றாது. சூடேறினால் உள்ளே ஊறியது மறுபடி மேலே வரும். சீலையும் பிளேட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஆயிலும் இல்லை, குளிர்ந்த நிலையில் பிடிக்கிறது, மலையில் அரை மணி ஏறிய பிறகு மட்டும் வழுக்குகிறது: இதுதான் பெரிய டயரின் கைவரிசை. லைனிங் தேயவில்லை, சூட்டில் பிடிப்பை இழக்கிறது. இங்கே அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட் வழுக்கலைக் கொஞ்சம் தள்ளிப்போடும், காரணத்தைத் தொடாது. வைத்தியம் கியர் விகிதம், லோ ரேஞ்ச் பழக்கம், சூடு தாங்கும் லைனிங், இதே வரிசையில்.

எல்லா நேரமும் வழுக்குகிறது என்றால் தேய்மானம், அல்லது எஞ்சினின் டார்க்கைக் கூட்டியது. பிளேட்டை எடுத்து, லைனிங் மேற்பரப்பிலிருந்து ரிவிட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று டெப்த் கேஜ் வைத்து அளங்கள். 0.3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

கிளப்பும்போது உதறல்

இதில் ஏமாறுபவர்கள் அதிகம். லிஃப்ட் பிளாக் வைத்து உயர்த்திய லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) வண்டியில், பெரிய டயர் தரையைக் கவ்வும்போது ஆக்சில் சுழல முயலும். பட்டைகள் எஸ் வடிவில் வளையும், விட்டு நிமிரும், மறுபடி வளையும். ஓட்டுநருக்கு அது அச்சு அசல் கிளட்ச் உதறல் மாதிரியே இருக்கும். பிரிக்க ஒரு வழி: மிதியிலிருந்து காலை முழுசாக எடுத்த நொடியில் உதறல் நின்றால் கிளட்ச். எடுத்த பிறகும் மேட்டில் ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க உதறினால் ஸ்பிரிங்கும் ஆக்சிலும்; அதற்கு ஆக்சில் சுழலாமல் பிடிக்கும் டிராக்ஷன் பார் வேண்டும், கிளட்ச் வேண்டாம். வேகம் ஏற ஏற அதிர்வு மாறுகிறதென்றால் உயர்த்தியதில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் கெட்டிருக்கிறது, யூ-ஜாயின்ட்டைப் பாருங்கள்.

எஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தாலும் உதறும். ஒருவர் பிரேக்கைப் பிடித்து, முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று எஞ்சின் எவ்வளவு தூக்குகிறது என்று பார்த்தால் போதும். வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டாம்.

உள்ளே திறந்தால் பிளைவீலின் முகம் கதை சொல்லும். மயில்கழுத்து நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தால் அந்த இடங்கள் சூட்டில் இறுகிவிட்டன. லேத்தில் ஃபேஸ் போடும்போது கடினமான திட்டு வெட்டுப்படாமல் மேடாக நிற்கும், புதுப் பிளேட்டும் உதறும். கிரைண்டிங்கில் கொடுத்துத் திட்டு முழுக்கப் போகும்வரை எடுக்கச் சொல்லுங்கள். நகம் மாட்டும் அளவுக்கு விரிசல் ஓடியிருந்தால் பிளைவீலை மாற்றிவிடுங்கள். டயல் கேஜ் வைத்துச் சுழற்றினால் முகத்தின் ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருப்பது நல்லது.

செராமிக் பட்டன் பிளேட் போட்ட பிறகு வந்த உதறல் என்றால், அது கோளாறு அல்ல. அந்தப் பொருளின் சுபாவம்.

ரிவர்ஸ் கரகரக்கிறது, கியர் விழ மறுக்கிறது

ஐடிலிங்கில் மிதியை முழுக்க அழுத்தி, பத்து விநாடி காத்திருந்து, ரிவர்ஸ் போடுங்கள். கரகரத்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை. மிதியை இரண்டு மூன்று முறை வேகமாக அடித்துவிட்டு உடனே போட்டால் விழுகிறதா? அப்படியென்றால் லைனில் காற்று, அல்லது மாஸ்டரின் சீல் உள்ளுக்குள் கசிகிறது.

அடித்தும் மாறவில்லையென்றால் ஸ்லேவ் தண்டின் ஓட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து, கையேட்டோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் அளக்கும்போதே மாஸ்டர் பொருத்திய எஞ்சின் அறைச் சுவரையும் பாருங்கள். அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட் போட்ட வண்டியில் மிதிக்கும்போது அந்தத் தகடே முன்னால் பிதுங்கும். மிதியின் ஓட்டத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். தகட்டுக்கு வலுவூட்டாமல் வேறு எதை மாற்றியும் பயனில்லை. ஸ்லேவ் தள்ளும் நெம்புகோலான ஃபோர்க் வளைவதும் இதே வகை.

ஓட்டம் போதவில்லை என்று சின்ன துளை ஸ்லேவ் போடுவது உண்டு. 22.2 மி.மீ.யிலிருந்து 20.6 மி.மீ.க்குப் போனால் தண்டு 16 சதவீதம் அதிகமாக நகரும், மிதியும் அதே அளவு கனக்கும். ஆனால் பிரஷர் பிளேட்டில் உள்ள வட்டத் தட்டு ஸ்பிரிங்கான டயாஃப்ரம் ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் தள்ளினால் அதன் விரல்கள் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியில் இடிக்கும், ஸ்பிரிங்கும் சோர்ந்துபோகும். காற்று, கசிவு, தகட்டு வளைவு மூன்றையும் ஒதுக்கிய பிறகே இந்த வழிக்கு வாருங்கள்.

தண்டு முழுசாக ஓடியும் கரகரத்தால் உள்ளே கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருக்கலாம், பிளேட் ஓடும் ஷாஃப்ட் பள்ளங்களில் (ஸ்பிளைனில்) துரு ஏறியிருக்கலாம், கியர்பாக்ஸை மாட்டும்போது அதன் எடை தொங்கிப் பிளேட் வளைந்திருக்கலாம்.

ஆற்றைக் கடந்து சில வாரம் நின்ற வண்டியில் பிளேட் துருப்பிடித்து பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, எதிரே ஆளில்லாத திறந்த இடத்தில், லோ ரேஞ்ச் முதல் கியர் போட்டு, மிதியை முழுக்க அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி நகரும். மிதியை விடாமல் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விட்டு, இடையில் பிரேக்கையும் அழுத்தினால் பெரும்பாலும் விட்டுவிடும். தண்ணீருக்குள் போகும்போது கிளட்ச்சை மிதிக்கவே கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்: பிளேட் விலகியதும் சேறும் நீரும் இரண்டு முகங்களுக்கும் நடுவே புகும். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றில் பெல் ஹவுசிங்கின் அடித்துளைக்கு மரைப்பிளக் போட இடம் உண்டு. கடக்கும் முன் போட்டு, கடந்த பிறகு மறக்காமல் கழற்ற வேண்டும். இல்லையென்றால் சீலில் கசியும் ஆயில் வெளியேற வழியில்லாமல் பிளேட்டை நனைக்கும்.

சத்தம்

மிதித்தால் வரும் சத்தம், டயாஃப்ரம் விரல்களைத் தள்ளும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் மிதியை விட்டிருக்கும்போது வந்து, மிதித்தால் நிற்பது கியர்பாக்ஸ் இன்புட் பேரிங். கியரில் போட்டு மிதித்து நிற்கும்போது மட்டும் கீச்சிட்டால் பைலட் பேரிங். ஐடிலிங்கில் கடகடவென்றால் பிளேட் நடுவில் உள்ள டேம்பர் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். அதிர்வை விழுங்க இரண்டு துண்டாக வரும் டூயல் மாஸ் பிளைவீலை எடுத்து ஒற்றைப் பிளைவீல் போட்ட வண்டியில் கியர்கள் தட்டிக்கொள்ளும் சத்தமாகவும் இருக்கலாம்.

எந்தக் கிளட்ச் எடுப்பது

முதலில் எஞ்சினின் உண்மையான உச்ச டார்க். டியூன் செய்திருந்தால் செய்த பிறகான எண். அதில் 1.3 முதல் 1.5 மடங்கு தாங்கும் கிளட்ச் போதும். 400 நியூட்டன் மீட்டர் என்றால் 520 முதல் 600. விற்பவர் சொல்லும் எண் கிராங்கில் அளந்ததா, சக்கரத்தில் அளந்ததா என்று கேளுங்கள். கிராங்க் எண்ணோடு கிராங்க் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

இரண்டு மடங்கு போட்டால் என்ன கெட்டுவிடும்? நிறைய. பாறை இடுக்கில் டயர் சிக்கியிருக்கும்போது கிளட்ச்சைத் திடீரென்று விட்டால், எஞ்சின் டார்க்கோடு சுழலும் பிளைவீலின் உந்தமும் சேர்ந்து அடிக்கும். அளவான கிளட்ச் அந்த நொடியில் கொஞ்சம் வழுக்கி அதிர்ச்சியை விழுங்கிவிடும். வழுக்காத கிளட்ச் அதை அப்படியே ஆக்சில் ஷாஃப்ட்டுக்கும் யூ-ஜாயின்ட்டுக்கும் அனுப்பும். பெரிய டயர் போட்ட வண்டியில் அவை ஏற்கெனவே எல்லையில் இருக்கின்றன. காட்டுக்குள் ஆக்சில் உடைவதைவிட கிளட்ச் நாறுவது மேல். மிதி கனம் வேறு: ஸ்பிரிங் அழுத்தம் 30 சதவீதம் கூடினால், அதே டயாஃப்ரம் விரல் நீளத்தில், விடுவிக்கத் தேவையான விசையும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். அந்தத் தள்ளல் ரிலீஸ் பேரிங் வழியாகக் கிராங்கின் த்ரஸ்ட் பேரிங்கில் போய் விழும்.

அழுத்தத்தைக் கூட்டாமல் தாங்குதிறனைக் கூட்ட ஒரு நேர்வழி உண்டு: பெரிய விட்டம். உங்கள் எஞ்சின் வகைக்கே இரண்டு அளவு பிளைவீல் வந்திருந்தால் பெரியதை எடுங்கள். லைனிங்கின் சராசரி ஆரம் கூடுவதால் டார்க் தாங்கும், பரப்பும் இரும்பின் எடையும் கூடுவதால் சூடு பரவும், மிதி கனக்காது. பெல் ஹவுசிங்கில் இடம், ஸ்டார்ட்டர் பற்களின் எண்ணிக்கை, ஸ்பிளைன் எண்ணிக்கையும் விட்டமும் பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள்.

லைனிங் விஷயத்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது. சாதாரண ஆர்கானிக் லைனிங் மென்மையாகப் பிடிக்கும், அங்குலம் அங்குலமாக நகர்த்த விடும், பிளைவீலைக் கெடுக்காது. மிதமாகச் சூடாகி நாறினாலும் ஆறவிட்டால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். கெவ்லார் (வலுவான செயற்கை இழை) அதைவிட நீண்ட நாள் உழைக்கும், மென்மையும் உண்டு. ஆனால் பழக்கும் காலத்தில் பொறுமை வேண்டும், ஒருமுறை நன்றாகச் சுட்டு மேற்பரப்பு பளபளத்துவிட்டால் முன்போல் பிடிக்காது. செராமிக் பட்டன் எந்தச் சூட்டுக்கும் அசையாது. பிடித்தால் பிடிப்பு, விட்டால் விடுதல், நடுவே ஒன்றும் இல்லை. மெதுவாக நகர வேண்டிய பாறைப் பாதைக்கு அது ஒத்துவராது, பிளைவீலையும் அரிக்கும். ஒரு பக்கம் ஆர்கானிக், மறுபக்கம் செராமிக் என்று வரும் பிளேட்டுகள் மணல்மேட்டில் அடித்து ஏறும் வண்டிகளுக்குப் பொருந்தும்.

35 அங்குல டயர், டார்க் அதிகம் கூட்டாத எஞ்சின், பாறையும் சேறும் கலந்த ஓட்டம் என்றால்: முழு முகக் கனரக ஆர்கானிக் அல்லது கெவ்லார் கலவை, நடுவில் டேம்பர் ஸ்பிரிங் உள்ள ஹப், டயாஃப்ரம் பிரஷர் பிளேட், கனமான பிளைவீல். ஸ்பிரிங் இல்லாத கெட்டி ஹப் கியர்பாக்ஸுக்கு நல்லதல்ல. எடை குறைத்த பிளைவீல் ரேஸ் தடத்துக்கு. ஐடிலிங்கில் ஊர்ந்து ஏறும்போது எஞ்சின் அணையாமல் காப்பதே பிளைவீலின் எடைதான். மிச்சம் இருக்கும் பணத்தைக் கிரவுன்-பினியனில் போடுங்கள், கிளட்ச்சின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

மாட்டும்போது கெடுப்பவை

படி உள்ள பிளைவீலில் உராயும் முகத்தை மட்டும் வெட்டி, பிரஷர் பிளேட் உட்காரும் படியை விட்டுவிட்டால், கிளட்ச் பிளேட் உள்ளே தள்ளி உட்காரும். டயாஃப்ரம் போதிய அளவு அழுந்தாது. புத்தம் புதுக் கிளட்ச் முதல் மேட்டிலேயே வழுக்கும். இரண்டையும் ஒரே அளவு எடுக்க வேண்டும். லேத்திலிருந்து வந்ததும் படியின் உயரத்தை நீங்களே அளந்து கையேட்டோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

புதுப் பிளேட்டை முதலில் வெறும் இன்புட் ஷாஃப்ட்டில் மாட்டிப் பாருங்கள், கையால் தள்ளினால் தடையில்லாமல் ஓட வேண்டும். ஸ்பிளைனில் மாலிப்டினம் கிரீஸ் பூசி, பிளேட்டை ஓட்டி, பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் சுழற்சியில் லைனிங்குக்குத் தெறிக்கும். டேம்பர் ஸ்பிரிங் புடைத்த பக்கம் பெரும்பாலும் கியர்பாக்ஸைப் பார்க்கும், பிளேட்டில் அச்சிட்ட குறியைப் படித்து உறுதி செய்யுங்கள். பிளைவீல், பிரஷர் பிளேட் முகங்களில் துருத் தடுப்பு எண்ணெய் தடவி வரும். பிரேக் கிளீனரால் துணி கறுக்காத வரை துடையுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் கவர் முறுக்கிக்கொள்ளும், உதறல் கடைசிவரை போகாது. பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், ஃபோர்க்கின் பிவட் உருண்டை மூன்றையும் கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும் இப்போதே மாற்றுங்கள். கியர்பாக்ஸை ஏற்றும்போது ஜாக் தாங்கட்டும். முகம் முகத்தோடு சேரும்வரை அதன் எடை ஒரு கணம்கூடப் பிளேட்டின் ஹப்பில் தொங்கக் கூடாது.

பழக்குவதற்கு ஆர்கானிக்குக் குறைந்தது 500 முதல் 800 கி.மீ., கெவ்லாருக்கு அதைவிட அதிகம். தயாரிப்பாளர் அட்டையில் எழுதியிருப்பதே இறுதி. நெடுஞ்சாலையில் ஒரே மூச்சில் ஓடிய தூரம் இந்தக் கணக்கில் சேராது. நின்று கிளம்பும் எண்ணிக்கைதான் லைனிங்கைப் பிளைவீலோடு படிய வைக்கிறது, அதனால் ஊருக்குள் ஓட்டுங்கள். அதுவரை டிரெய்லர் இழுப்பதும் மணலில் சிக்கிய வண்டியை இழுப்பதும் வேண்டாம். பழக்கி முடித்ததும் மிதியின் தளர்வை மறுபடி அளந்து, கிளட்ச் ஆயில் மட்டத்தையும் பார்த்துவிட்டு, முதலில் சொன்ன டாப் கியர் சோதனையை ஒரே ஒருமுறை செய்து பாருங்கள்.